எங்கள் ஸஃப் (தொழுகை வரிசை) எங்கே? பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், இமாம்களுக்கும், ஆலிம் பெருமக்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

ஐவேளைத் தொழுகையைக் கடமை என்று நம்புகிற, அதை உரிய நேரத்தில் நிறைவேற்றுவதற்காக ஒவ்வொரு நாளும் பாடுபடுகிற ஒரு முஸ்லிம் பெண் நான். மார்க்கத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் மார்க்கம் எனக்குத் தந்துவிட்ட ஓர் இடத்தை நீங்கள் இன்னும் தராமல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் முறையீடு. பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் வேண்டும். வந்து தொழவும், குத்பாவை (மார்க்க உரையை) கேட்கவும், ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) ஒரு மஸ்அலாவை (மார்க்கச் சட்டக் கேள்வியை) கேட்டுத் தெளியவும், எங்கள் குடும்ப வழக்கு உங்கள் முன்னால் வரும்போது எங்கள் வாயாலேயே அதைச் சொல்லவும் வழியுள்ள இடமாக அது இருக்க வேண்டும்.

இதைத் திறந்த மடலாக எழுதக் காரணம் உண்டு. பல பெண்கள் தங்கள் தந்தை மூலமாகவோ கணவர் மூலமாகவோ இந்தக் கோரிக்கையை உங்களிடம் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் வந்து சேரும்போது அது யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் தனி விருப்பமாகச் சுருங்கிவிடுகிறது. "பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்ற பதிலோடு திரும்பி வருகிறது. எல்லாரும் படிக்கும்படி ஒரு பெண்ணே நேரடியாக எழுதினால், ஒரு வீட்டு விருப்பம் என்று இதை ஒதுக்கிவைப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுப்ஹு (விடியற்காலைத் தொழுகை) வீட்டில் தொழுதுவிடலாம். வீடு விழிப்பதற்கு முன் கிடைக்கும் அந்தச் சிறு பொழுதில், விளக்கைக்கூடப் போடாமல் முஸல்லாவை விரித்து நிற்பதுதான் எனக்கு நாளின் நிம்மதியான நேரம். சிரமம் ளுஹரில் (நண்பகல் தொழுகையில்) தொடங்குகிறது. வேலை, படிப்பு, மருத்துவமனை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒன்றுக்காக வெளியே வந்திருக்கும் பெண்ணின் காதிலும் பாங்கு விழுகிறது. அதே சாலையில் அவளோடு நடந்து வந்த ஆண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்குள் நுழைகிறார். அவருக்கு ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யக் குழாய் இருக்கிறது, நிற்க ஸஃப் இருக்கிறது, முன்னால் இமாம் இருக்கிறார். சிறிது நேரத்தில் கடமையை நிறைவேற்றிய அமைதியோடு வெளியே வந்துவிடுகிறார். அவளோ வணிக வளாகத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில், துணிக்கடையில் உடையைப் போட்டுப் பார்க்கும் சிறு அறையில், அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய மூலையில் இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். பொதுக் கழிவறையின் கைகழுவும் தொட்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, மறு காலில் தடுமாறி நின்று ஒளூவை முடிக்கும்போது, பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருப்பவர் சற்று விலகி நின்று நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வை எங்களில் அநேகருக்குப் பழகிப்போன ஒன்று. சில நாள் எந்த மூலையும் கிடைப்பதில்லை. ஊருக்குள்ளேயே இருப்பதால் பயணியின் சலுகைப்படி சேர்த்துத் தொழவும் வழியில்லை. வக்து (தொழுகை நேரம்) கைநழுவிப் போவதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும் அந்தத் தவிப்பை, தெருவுக்குத் தெரு பள்ளிவாசல் திறந்திருக்கும் உங்களுக்கு நான் எப்படி விளக்குவேன்?

"நிச்சயமாகத் தொழுகை, நம்பிக்கையாளர்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமையாக இருக்கிறது" என்று குர்ஆனில் சூரத்துன் நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் சொல்கிறது. நேரம் எனக்கும்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் நிற்பதற்கு ஓர் இடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பெண்களுக்கு வீடுதான் சிறந்தது என்று ஹதீஸில் (நபிமொழியில்) வந்திருக்கிறதே என்பீர்கள். வந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். "உங்கள் பெண்கள் பள்ளிவாசல்களுக்குச் செல்வதைத் தடுக்காதீர்கள்; அவர்களுடைய வீடுகள் அவர்களுக்குச் சிறந்தவை" என்பதே அது. தடுக்காதீர்கள் என்ற கட்டளை உங்களை நோக்கியது. எது சிறந்தது என்ற அறிவுரை எங்களை நோக்கியது. எங்களுக்குச் சொன்ன அறிவுரையை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு, உங்களுக்குச் சொன்ன கட்டளையை விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்? அது போக, வெளியே வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் வீடு கையெட்டும் தூரத்தில் இல்லை. அவள் முன்னால் இருக்கும் கேள்வி வீடா பள்ளியா என்பதல்ல, பள்ளியா படிக்கட்டா என்பதே.

இரண்டாம் கலீஃபாவான உமர் (ரலி) அவர்களின் துணைவியார் ஒருவர் சுப்ஹுக்கும் இஷாவுக்கும் (இரவுத் தொழுகைக்கும்) ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) கலந்துகொள்ளப் பள்ளிக்கு வருவார். "உமர் இதை விரும்பமாட்டார், ரோஷப்படுவார் என்று தெரிந்தும் ஏன் வருகிறீர்கள்?" என்று அவரிடம் கேட்கப்பட்டது. "என்னைத் தடுக்க விடாமல் அவரைத் தடுப்பது எது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழிதான்" என்று பதில் வந்தது. இது புகாரி ஹதீஸ் தொகுப்பில் 900ஆவது ஹதீஸ். உமர் (ரலி) எவ்வளவு கண்டிப்பானவர் என்று எங்களுக்குக் கதை கதையாகச் சொல்லித்தந்தவர்கள் நீங்கள்தாம். அந்த உமரே தமக்குப் பிடிக்காத ஒன்றை நபிகளாரின் ஒரு சொல்லுக்காகப் பொறுத்துக்கொண்டார். அவருடைய மகன் இப்னு உமர் (ரலி) இந்த ஹதீஸைச் சொன்னபோது, "அல்லாஹ்வின் மீதாணையாக நாங்கள் தடுப்போம்" என்று சொன்ன தம் சொந்த மகனையே கடுமையாக ஏசினார் என்று முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

"பெண்கள் இப்போது நடந்துகொள்வதை நபியவர்கள் பார்த்திருந்தால் தடுத்திருப்பார்கள்" என்று நபியவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) சொன்னதையும் நீங்கள் எடுத்துக் காட்டுவீர்கள். தம் காலத்தில் கண்ட சில குறைகளுக்காக அன்னையார் கொண்ட கவலை அது. அந்தக் கவலையை வெளிப்படுத்திய பிறகும் பெண்களைத் தடுத்துவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. குழப்பம் வந்துவிடும் என்ற அச்சத்தில் பிற்கால ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் சிலர் பெண்கள் வருவதை வெறுக்கத்தக்கது என்று எழுதினார்கள். அவர்களின் அச்சத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். ஆனால் இன்று பெண்கள் கடைவீதிக்குப் போகிறோம், கல்லூரிக்குப் போகிறோம், கூட்டம் நிரம்பிய திருமண மண்டபத்துக்குப் போகிறோம். அங்கெல்லாம் குழப்பம் வரும் என்று யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை. அல்லாஹ்வை நினைப்பதற்காகக் கட்டப்பட்ட ஒரே ஒரு கட்டிடத்தின் வாசலில் மட்டும் அந்த அச்சம் வந்து நிற்பது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் (நபியவர்களின் பள்ளிவாசலில்) பெண்கள் எப்படி இருந்தார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஒரே நேரத்தில் பெருமையும் ஏக்கமும் வருகின்றன. ஹாரிஸாவின் மகள் உம்மு ஹிஷாம் (ரலி) அவர்களைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர். "எங்கள் அடுப்பும் அல்லாஹ்வின் தூதருடைய அடுப்பும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஒன்றாகவே இருந்தன" என்று அந்த நெருக்கத்தை அவரே சொல்கிறார். குர்ஆனின் சூரத்து காஃப் அத்தியாயத்தை அவர் எந்த மதரஸாவிலும் உட்கார்ந்து ஓதவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மிம்பரில் (உரை மேடையில்) நின்று குத்பாவில் நபியவர்கள் அதை ஓதுவார்கள். அந்த நாவிலிருந்து கேட்டுக் கேட்டே மனனம் செய்துவிட்டதாக அவர் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. 45 வசனங்கள் கொண்ட ஒரு சூராவை மனத்தில் பதியவைத்துக்கொள்ள வேண்டுமானால், ஜும்ஆவுக்கு அவர் விடாமல் வந்திருக்க வேண்டும். ஓதுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். இங்கே இருக்க நமக்கு உரிமை உண்டு என்ற நிம்மதியோடு அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைக்காமல் போனவை இந்த மூன்றும்தான்.

கைஸின் மகள் ஃபாத்திமா (ரலி) இத்தா (கணவரைப் பிரிந்த பின் காத்திருக்கும் காலம்) முடிந்த பிறகு, தொழுகைக்குக் கூடுமாறு அழைப்பவரின் குரலைக் கேட்டுப் பள்ளிக்குப் போனார். ஆண்களை அடுத்துப் பின்னால் இருந்த பெண்களின் வரிசையில் நின்று தொழுதார். தொழுகை முடிந்து நபியவர்கள் மிம்பரில் அமர்ந்து, தமீமுத் தாரி (ரலி) தஜ்ஜாலை (இறுதிக் காலத்தில் வரும் பெரும் பொய்யனை) பற்றிச் சொன்ன நீண்ட செய்தியை விவரித்தார்கள். அந்தப் பேச்சை அவர் ஒன்றும் விடாமல் பிற்காலத்தவருக்கு அறிவித்தார். பெண்கள் வரிசையிலிருந்து வந்த செய்தி என்று எந்த ஹதீஸ் கலை அறிஞரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. குழந்தையின் அழுகுரல் கேட்டால், அந்தத் தாய் படும் பாட்டை எண்ணி நபியவர்கள் நீட்டித் தொழ நினைத்த தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தாயையும் குழந்தையையும் வெளியே அனுப்பவில்லை, தொழுகையைச் சுருக்கினார்கள். ஸலாம் கொடுத்ததும் பெண்கள் நெரிசல் இல்லாமல் வெளியேறட்டும் என்று ஆண்கள் எழுவதற்கு முன் சற்றுப் பொறுத்திருப்பார்கள். பெண்களுக்கென்று விடப்பட்ட வாசலின் பெயர் பாபுந் நிஸா என்று இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. மிம்பரைக்கூட அன்ஸாரிப் பெண் ஒருவருடைய தச்சுப் பணியாளர்தான் செய்து கொடுத்தார். பள்ளியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர், பெண் என்றே பல அறிவிப்புகள் சொல்கின்றன, இறந்துவிட்டதைத் தமக்கு ஏன் சொல்லவில்லை என்று தோழர்களிடம் வருந்தி, அந்தக் கப்ருக்கே (மண்ணறைக்கே) சென்று நபியவர்கள் தொழுதார்கள்.

ஹஜ்ஜையும் உம்ராவையும் நிறைவேற்றியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கஅபாவைச் சுற்றும்போது உங்கள் மனைவியும் அங்கேதான் சுற்றினார். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நீங்கள் நடந்தது, தாகித்த குழந்தைக்காகத் தனியாக ஓடிய அன்னை ஹாஜரின் அடிச்சுவட்டில். உலகின் பள்ளிவாசல்களுக்கெல்லாம் தலையாய பள்ளிவாசலில் என்னைத் தடுக்காத மார்க்கம், என் வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளிவாசலில் மட்டும் ஏன் என்னைத் தடுக்கப்போகிறது?

பெண்களுக்கு இடம் ஒதுக்கிவிட்ட நிர்வாகிகள் இந்த வரிகளைப் படித்து, இது தங்களுக்கு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனாலும் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது கட்டிடம் கட்டி முடித்த பிறகு மிச்சமான இடமாகவே இருக்கும். மேல்மாடியில் இருந்தால் படி ஏற முடியாத மூதாட்டிகள் கீழேயே நின்றுவிடுவார்கள். கீழ்த்தளத்தில் இருந்தால் ஜனாஸா சந்தூக்கும் (இறந்தவர் உடலைச் சுமக்கும் பெட்டியும்), உடைந்த மின்விசிறிகளும், பெருநாளன்று விரிக்கும் பாய்களும் பாதி அறையை அடைத்திருக்கும். ஒளூ செய்ய ஆண்கள் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். கதவு பூட்டியிருக்கும், சாவி பாங்கு சொல்லும் முஅத்தினிடம் இருக்கும், அவரைத் தேடிப் பிடித்துக் கேட்பதற்குள் தொழுகையில் ஒரு ரக்அத் (சுற்று) போய்விடும்.

எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது சத்தம். சுவருக்கு அப்பால் இருக்கும் இமாமை நாங்கள் காண முடியாது. அவருடைய குரல் ஒன்றுதான் எங்களுக்குப் பிடிமானம். வெள்ளிக்கிழமை சுப்ஹில் இமாம் சூரத்துஸ் ஸஜ்தாவை ஓதுவது சுன்னத் (நபிவழி). ஸஜ்தா வசனம் வந்ததும் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்லி, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்கு நேரே போவார். அவரைக் காணும் ஆண்கள் அவரோடு ஸஜ்தாவுக்குப் போய்விடுவார்கள். தக்பீரை மட்டும் கேட்கும் நாங்கள் ருகூவுக்குக் குனிவோம். ஓதத் தெரிந்த ஒருத்தி மட்டும் ஸஜ்தாவில் இருப்பாள். பக்கத்தில் இருப்பவள் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு, ருகூவிலிருந்து சரிந்து நெற்றியைத் தரையில் வைப்பதற்குள் இமாம் எழுந்து மீண்டும் ஓதத் தொடங்கியிருப்பார். பின்வரிசையில் இருப்பவர்கள், ருகூவிலிருந்து எழும்போது சொல்லும் ஸமிஅல்லாஹுவை இமாம் சொல்வார் என்று குனிந்தபடியே காத்திருப்பார்கள். ஒலிபெருக்கி நடுவில் நின்றுவிட்டால் அதைவிடக் கொடுமை. நெற்றி தரையில் இருக்கிறது, குரல் வரவில்லை, எழுவதா கூடாதா என்று தெரியாமல் ஒரு வரிசையே அப்படியே கிடக்கிறது. கடைசியில் ஒரு சிறுமி தலையைத் தூக்கிப் பார்க்க, அவளைப் பார்த்து எல்லாரும் எழுகிறோம். தொழுகை கூடியதா என்ற ஐயத்தோடு வீட்டுக்குப் போய் மறுபடியும் தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். நபியவர்களின் பள்ளியில் பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் ஒரே கூடத்தில், இடையில் சுவர் இல்லாமல் தொழுதார்கள். அந்த அளவுக்கு நீங்கள் முன்வராவிட்டாலும், இமாமையோ முன்வரிசையையோ காணும்படி ஒரு சாளரத்தையாவது, நம்பகமான ஓர் ஒலிபெருக்கியையாவது வைக்கலாமே.

பெண் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதில் மகளும் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறாள். அவர் பக்கத்தில் நின்று அவர் செய்வதையெல்லாம் செய்கிறாள், ஸஜ்தாவில் இருக்கும்போது திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறாள், தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் அவளுக்கு முஸாஃபஹா (கைகுலுக்கல்) செய்கிறார்கள். பிறகு ஒரு நாள், "நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி வரக் கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். அதே வயதில் அவளுடைய தம்பியிடம், "நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனிக் கட்டாயம் வர வேண்டும்" என்கிறோம். வளர வளர மகன் பள்ளிக்குள் போகிறான். வளர வளர மகள் பள்ளியை விட்டு வெளியே வருகிறாள். அவளுக்கு எழும் மார்க்கச் சந்தேகங்களை அவள் யாரிடம் கேட்பாள்? மாதவிடாய், குளிப்பு, நோன்பு பற்றிய கேள்விகளைத் தாயிடம் கேட்கலாம். தாய்க்கும் தெரியாவிட்டால் கைப்பேசியில் யாரோ முகம் தெரியாதவர் பேசும் காணொளிதான் அவளுக்கு ஆலிம். இளம் பெண்கள் மார்க்கத்தை விட்டு விலகுகிறார்கள் என்று மிம்பரில் நின்று கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் அவளை விலக்கியது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். "ஆண்கள் எங்களை முந்திக்கொண்டு உங்களிடம் வந்துவிடுகிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள்" என்று மதீனாவின் பெண்கள் நபியவர்களிடம் கேட்டார்கள், அவர்களும் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளை எங்கள் மகள்களுக்கும் கொடுங்கள். கற்றுத்தர ஆலிமாக்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறையும் மரியாதையான ஊதியமும் மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

நாங்கள் இல்லாத கூட்டத்தில் எங்களைப் பற்றிப் பேசுவது உங்களுக்குப் பழகிவிட்டது என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன். பெண்ணின் உடை, பெண்ணின் குரல், பெண்ணின் கீழ்ப்படிதல் என்று ஆண்கள் மட்டும் அமர்ந்திருக்கும் சபையில் குத்பா நடக்கிறது. நான் ஹிஜாபை விரும்பி அணிகிறேன்; அது எனக்கும் என் ரப்புக்கும் (இறைவனுக்கும்) இடையிலான ஓர் இபாதத் (வழிபாடு). அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எதிரில் அமர்ந்திருப்பவர்களுக்கு உரியதையும் பேசுங்கள். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாருக்கான வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அரஃபாவில் ஆற்றிய இறுதிப் பேருரையில், "பெண்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பெருங்கூட்டத்துக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். மஹரை (மணமகளுக்குரிய மணக்கொடையை) கொடுக்காமல் இழுத்தடிப்பவருக்கும், சகோதரியின் வாரிசுப் பங்கைச் சமாதானம் பேசியே விழுங்குபவருக்கும், கை ஓங்குபவருக்கும் இந்த வார்த்தைகள் ஜும்ஆதோறும் நினைவூட்டப்பட வேண்டியவை அல்லவா?

குடும்ப வழக்குகளில் இந்த இடமின்மை வெறும் சிரமமாக நிற்பதில்லை, அநீதியாகவே ஆகிவிடுகிறது. கணவன், மனைவிக்கு இடையில் பிணக்கு வந்தால் பல இடங்களில் அது நிர்வாகத்தின் முன் வருகிறது. கணவன் எதிரில் அமர்ந்து தன் தரப்பைத் தானே சொல்கிறான். மனைவிக்காகத் தந்தையோ அண்ணனோ பேசுகிறார்கள். அவளுக்கு நேர்ந்தவற்றில் தந்தையிடமே அவள் சொல்லக் கூசியவை இருக்கும். சொல்லியிருந்தாலும் சபையில் எடுத்துச் சொல்ல அவர் கூசுவார். ஆகவே வழக்கின் உயிரான பகுதி உங்கள் காதுக்கு வராமலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகச் சொல்லுங்கள்" என்று அவளுக்குச் செய்தி வருகிறது. எதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்பது, சொன்னவர்களுக்கே தெரியாது.

ஒரு பெண் தன் வழக்கைத் தானே எடுத்துச் சொன்னதால்தான் குர்ஆனில் 58ஆவது சூரா தொடங்குகிறது. ஸஅலபாவின் மகள் கவ்லா (ரலி) தம் கணவரைக் குறித்து நபியவர்களிடம் வாதிட்டார். அவர் பேசிய சில சொற்கள் அதே வீட்டில் இருந்த தமக்கே கேட்கவில்லை, ஏழு வானங்களுக்கு அப்பால் அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று ஆயிஷா (ரலி) வியந்தார்கள். தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றிக் கன்ஸா (ரலி) முறையிட்டபோது நபியவர்கள் அதை ரத்து செய்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா (ரலி) தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிய முடிவு செய்தார். முகீஸோ தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் அலைந்தார். நபியவர்கள் மனமிரங்கி, அவரிடம் திரும்பிச் செல்லக் கூடாதா என்று கேட்டார்கள். "எனக்குக் கட்டளையிடுகிறீர்களா?" என்று பரீரா கேட்டார். "இல்லை, பரிந்துரைதான் செய்கிறேன்" என்றார்கள். "அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை" என்று பரீரா சொல்லிவிட்டார். அல்லாஹ்வின் தூதரின் பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது. அவர் மீது அவர்கள் கோபப்படவும் இல்லை. குலா (மனைவி கோரும் மணவிலக்கு) கேட்டு வரும் பெண்ணை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் நிர்வாகிகள் பரீராவை நினைத்துப் பார்க்க வேண்டும். இரு தரப்பிலிருந்தும் நடுவரை வைக்கச் சொல்கிறது சூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனம். அந்த நடுவர் சபையில் மார்க்கமும் சட்டமும் அறிந்த பெண்களும் இருக்கட்டும். அவள் தனியாக அவர்களிடம் பேசட்டும். சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு, அவளிடமே படித்துக் காட்டப்பட்டு, அதன் பிறகு உங்கள் முன் வரட்டும்.

இதையெல்லாம் வெளியில் பேசினால் சமூகத்தைப் பழிப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்று எனக்கு அறிவுரை சொல்லப்பட்டது. அந்தப் பழிப்பை உங்களைவிட நான் அதிகம் சந்திக்கிறேன். என் உடையே என்னை அடையாளம் காட்டிவிடுகிறது. உடன் வேலை செய்பவர் இரக்கத்தோடு, "உங்களையெல்லாம் பள்ளிவாசலுக்குள்ளேயே விடமாட்டார்களாமே?" என்று கேட்கிறார். எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒரு தடையே இல்லை என்று நான் ஆதாரத்தோடு பதில் சொல்கிறேன். "பிறகு ஏன் அங்கே உங்களைக் காணோம்?" என்று அவர் அடுத்துக் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. எங்களைப் பரிதாபத்துக்குரியவர்கள் என்று நினைப்பவர்களின் இரக்கம் எனக்கு வேண்டாம். எனக்கு உரியதை என் சமூகத்திடமிருந்தே பெற விரும்புகிறேன். "உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்பவர்களாக, நீதியில் நிலைத்திருங்கள்" என்று குர்ஆன் கட்டளையிடுகிறது (4:135). மௌனமாக இருந்து சமூகத்தின் மானத்தைக் காக்குமாறு என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த வசனத்தைத்தான் பதிலாகச் சொல்வேன்.

இடமில்லை, நிதியில்லை என்பது உண்மையாகவே சில பள்ளிகளின் நிலை என்பதை அறிவேன். அங்கே ஓரத்தில் ஒரு திரையும், தனியாக இரண்டு குழாயும், திறந்திருக்கும் ஒரு கதவும் போதும். பெருநாள் குத்பாவை முடித்துவிட்டு நபியவர்கள் பெண்களிடம் வந்து தர்மத்தைப் பற்றிப் பேசியபோது, பிலால் (ரலி) ஏந்திய துணியில் அவர்கள் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றிப் போட்டார்கள். எங்களுக்கான இடத்துக்கு நாங்களும் கொடுப்போம். கட்டிடத்துக்கு வரைபடம் போடுவதற்கு முன், அதில் தொழப்போகும் பெண்களை அழைத்து வாசல் எங்கே வேண்டும், படி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், குழந்தைகளோடு வருபவர்கள் எங்கே அமர்வார்கள் என்று கேளுங்கள்.

வரவிருக்கும் ரமளானுக்கு முன் இதைத் தொடங்கிவிடலாம். தராவீஹுக்கு (ரமளான் இரவுத் தொழுகைக்கு) மட்டும் கதவைத் திறந்துவிட்டு ஷவ்வால் பிறை கண்டதும் பூட்டிவிடும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். ளுஹருக்கும் அஸ்ருக்கும் (பிற்பகல் தொழுகைக்கும்) வருபவர்கள்தாம் வெளியில் இடமில்லாமல் தவிப்பவர்கள். உங்கள் அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் எழுந்து முழுவதுமாக வாசிக்கட்டும். மறுப்பதாக இருந்தாலும் எந்த ஆதாரத்தின் மீது மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். அதைப் படித்துப் பதில் சொல்ல எங்களில் ஓதியவர்கள் இருக்கிறார்கள். எந்த முடிவாக இருந்தாலும் ஜும்ஆவில் அறிவிப்பதோடு நிறுத்திவிடாமல், பெண்களும் வந்து படிக்கக்கூடிய இடத்தில் அதை ஒட்டிவையுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மார்க்கச் சகோதரி